விதி முந்தட்டும்

அமெரிக்க நேரப்படி 2023 ஜனவரி 12 இரவு, ட்விட்டரைப் படிக்கவும் பதிவிடவும் வெளியார் உருவாக்கிய ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் போன்ற செயலிகள் திடீரென நின்றுபோயின. அவற்றைத் திறந்தவர்களுக்கு ட்விட்டர் பதிவுகள் வரவில்லை, உள்நுழையவும் முடியவில்லை. அவற்றை உருவாக்கிய நிரலாளர்களுக்கே காரணம் தெரியாது. ஐந்து நாள் கழித்து, வெளிச் செயலிகள் தளத்தோடு இணையும் வழியான ஏபிஐக்கு நெடுநாளாக உள்ள விதிகளை அமல்படுத்துவதாக ட்விட்டர் சுருக்கமாக அறிவித்தது. எந்த விதி என்று சொல்லவில்லை. ட்விட்டர் செயலிக்கு மாற்றாகவோ, அதைப் போலவோ ஒன்றை உருவாக்கக் கூடாது என்ற வாசகம் ஜனவரி 19 அன்றுதான் ஒப்பந்தத்தில் ஏறியது. தண்டனை முந்தியது, விதி பிந்தியது.

கண்டிப்பே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. கண்டிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபேஸ்புக்கே சாட்சி. ஆளுமைச் சோதனை நடத்திய ஒரு செயலியைச் சில லட்சம் பேர்தான் நிறுவினார்கள். அதன் வழியே அவர்களுடைய நண்பர்களின் தகவல்களும் சேர்ந்து, 8.7 கோடிப் பேர் வரையிலான விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போயின. விவரங்களைக் கைமாற்றக் கூடாதென்று விதி இருந்தது. 2015 இறுதியில் விஷயம் தெரிந்தபோது, அழித்துவிட்டோம் என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு ஃபேஸ்புக் அமைதியானது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவைத் தடைசெய்தது 2018 மார்ச்சில்தான். பயனரின் அந்தரங்கத்தைக் காக்க, தளத்தின் கை வலுவாக இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் அந்த வலு யாருக்காக என்பதே கேள்வி. ட்விட்டருக்கென்று சொந்தச் செயலி இல்லாத 2007-லேயே ட்விட்டரிஃபிக் வந்துவிட்டது. பறவைச் சின்னமும் 'ட்வீட்' என்ற சொல்லும் அதிலிருந்து பரவியவை. அப்படித் தளத்தை வளர்த்தவர்கள், தொடர்பு அறுந்தபின் ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்குத் தம் கையிலிருந்தே பணத்தைத் திருப்பித் தரும் நிலைக்கு ஆளானார்கள். "எனக்குப் பணம் திரும்ப வேண்டாம்" என்று பயனர்கள் தாமாக முன்வந்து சொல்ல, செயலிக்குள் ஒரு பொத்தான் வைத்தார்கள். அந்தப் பொத்தான்தான் அவர்களுக்கு எஞ்சிய பாதுகாப்பு.

ரெடிட் தளம், தன் ஏபிஐக்கு விலை வைக்கப்போவதை முன்கூட்டிச் சொன்னது. ஆனால் அவகாசம் போதவில்லை. 5 கோடி கோரிக்கைகளுக்கு 12,000 டாலர் என்ற விலை 2023 மே இறுதியில் வெளியே தெரிந்தது. ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று அதை உருவாக்கியவர் கணக்கிட்ட, ரெடிட்டைப் படிக்க உதவிய அப்போலோ செயலி, ஜூன் 30 அன்று மூடப்பட்டது. தரவுக்கு விலை கேட்பது தளத்தின் உரிமை. பல ஆண்டு உழைப்பை ஒரே மாதத்தில் மாற்றியமைக்கச் சொல்வது நியாயமாகாது.

இணையச் சந்தைகளில் விற்போரின் கணக்கை மூடுவதென்றால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பும் காரணமும் தர வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் சட்டம் செய்தது. ஏபிஐயை நம்பி வாழ்பவர்களுக்கும் இதே நெறி வேண்டும். தகவல் திருட்டு என்றால் உடனே கதவை அடைக்கட்டும். தொழில் போட்டி என்றால், எழுதப்பட்ட விதியைக் காட்டி, காரணம் சொல்லி, அவகாசம் தந்த பிறகே கை வைக்கட்டும்.