தேங்க்ஸ்கிவிங் புட்டிங்கும் 14 முட்டைகளும்

நவம்பர் நாலாவது வியாழன் நெருங்கினால் "பாரம்பரிய" தேங்க்ஸ்கிவிங் சமையல் குறிப்புகள் இணையத்தில் கொட்டும். யாருடைய பாரம்பரியம், எந்த வருஷத்துது என்று மட்டும் பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்தின் 'ஃபீடிங் அமெரிக்கா' தொகுப்பைத் திறந்து பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வந்த 76 சமையல் நூல்கள், பக்கப் படமும் தட்டச்சு செய்த உரையுமாக, இலவசம்.

இதில் எனக்குப் பிடித்தது 1796-இல் ஹார்ட்ஃபோர்டில் வந்த அமீலியா சிம்மன்ஸின் 'அமெரிக்கன் குக்கரி'. அமெரிக்கர் ஒருவர் எழுதி அங்கேயே அச்சான முதல் சமையல் நூலாக இதைத்தான் சொல்கிறார்கள். முகப்பில் தன்னை ஓர் "அமெரிக்க அநாதை" என்று போட்டுக்கொண்டவர். வான்கோழிக்குக் கிரான்பெர்ரி சாஸ் வைக்கச் சொல்வதும் இதிலேயே இருக்கு. பூசணியை அவர் 'பாம்ப்கின்' என்று எழுதுகிறார்; தேடும்போது பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார்க்கணும்.

ஆனா நூலின் உண்மையான சுவாரசியம் பிழைதிருத்தப் பட்டியலில்தான். ஓர் அரிசிப் புட்டிங்குக்கு 14 முட்டை என்றிருப்பதை 8 என்றும், ஒரு பவுண்டு வெண்ணெயை அரை பவுண்டு என்றும் படிக்கச் சொல்கிறது. தனக்குப் போதிய படிப்பில்லாததால் எழுதித்தர வைத்த ஆள், கேட்காமலே சில பொருள்களை விட்டுவிட்டு வேறு எதையோ சேர்த்துவிட்டார் என்று சிம்மன்ஸ் அறிவிப்பே போட்டார். எங்க தொழிலில் இதைப் 'பேட்ச்' என்போம். குறிப்பிருக்கும் பக்கத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் பேட்ச் வராது, 14 முட்டைதான் வரும். முழு நூலையும் தருகிற நூலகத்துக்கும் குறிப்பை மட்டும் தருகிற தளத்துக்கும் வித்தியாசம் இதுதான்.

அதே தொகுப்பில் ஆபி ஃபிஷரின் 1881 நூலும் உண்டு. அடிமையாகப் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் சமையல்காரராகப் பேர் வாங்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது, சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை செய்ய அவரிடம்தான் போகணும்.

குறை இல்லாமல் இல்லை. 76 என்பது யாரோ தேர்ந்தெடுத்த 76. அதையே மொத்த அமெரிக்கச் சமையல் என்று எடுத்துக்க முடியாது. சிம்மன்ஸின் நூலிலும் அடுப்பின் சூடு டிகிரியில் கிடையாது. முக்கால் மணி நேரம் வேகவை என்பார் சிம்மன்ஸ், எவ்வளவு சூட்டில் என்பது உங்க பாடு. நான் 180 டிகிரி செல்சியஸில் வைக்கிறேன்.

அவருடைய பூசணிப் புட்டிங்கில் இரண்டாவது வகை வீட்டுக்கு ஏற்றது: ஒரு குவார்ட் பால், ஒரு பைண்ட் பூசணி, 4 முட்டை, மொலாசஸ், ஆல்ஸ்பைஸ், இஞ்சி. மொலாசஸ் கிடைக்காவிட்டால் வெல்லப்பாகு போதும். முதல் வகையைச் செய்யப்போகிறவர்கள் 9 முட்டையோடு 3 பைண்ட் க்ரீம், அதாவது ஏறக்குறைய 1.4 லிட்டர், என்று கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்க.