நாட்குறிப்பு இல்லாத பிற்பகல்

1954 ஜூன் 22 காலையில், பவுலின் பார்க்கர் என்ற பதினாறு வயதுப் பெண் தன் நாட்குறிப்பைத் திறந்து, அந்த நாளை ஒரு நல்ல காரியம் நடக்கப்போகும் நாளாகக் குறித்துவைத்தாள். அன்று பிற்பகல் அவளும் பதினைந்து வயதுத் தோழி ஜூலியட் ஹல்மும், பவுலினின் தாய் ஹொனோராவை நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை ஒட்டிய விக்டோரியா பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். மூவரும் அங்கிருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு மரங்களுக்கு நடுவே இறங்கும் பாதையில், காலுறைக்குள் போட்டு எடுத்துவந்த செங்கல் துண்டால் அந்த அம்மாளை இருவரும் அடித்தே கொன்றார்கள். ஒரே அடியில் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார்கள். உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள் இருந்தன. காவல்துறை துப்புத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. திட்டம் முழுவதும் நாட்குறிப்பிலேயே எழுதப்பட்டிருந்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1994-ல் பீட்டர் ஜாக்சன் எடுத்த ‘ஹெவன்லி கிரீச்சர்ஸ்’ அதே நாட்குறிப்பைக் கதைசொல்லியாக்கியது. பவுலினாக மெலனி லின்ஸ்கி, ஜூலியட்டாக கேட் வின்ஸ்லெட். இருவருக்கும் அதுவே முதல் திரைப்படம். வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் கிடைத்தது. ஜாக்சனும் ஃபிரான் வால்ஷும் எழுதிய திரைக்கதை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. படத்தின் புகழை இங்கே மறுபடி பாட வேண்டியதில்லை. கொலையாளியின் எழுத்தையே வழிகாட்டியாகக் கொண்டு ஒரு உண்மைக் கொலையைச் சொல்லும்போது எது கிடைக்கிறது, எது கைநழுவுகிறது என்பதுதான் என் கேள்வி.

கிடைப்பது பெரிது. நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு அந்த நாட்குறிப்பில் படித்தது திட்டமிட்ட குரூரத்தை. ஜாக்சனும் வால்ஷும் அதில் படித்தது மகிழ்ச்சியை. சிறுவயதில் எலும்பு நோயால் மருத்துவமனையில் கிடந்து, காலில் தழும்போடு வகுப்பில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பெண். அப்பா மீன் கடையில் வேலை செய்கிறார், அம்மா வீட்டில் வாடகைக்கு ஆட்களைத் தங்கவைத்துச் சமைத்துப்போடுகிறார். அவள் முன்னால், ஆசிரியையின் பிரெஞ்சு இலக்கணத்தையே திருத்தியபடி ஜூலியட் வந்து நிற்கிறாள். அவள் கல்லூரித் தலைவர் ஹென்றி ஹல்மின் மகள். இங்கிலாந்து உச்சரிப்பு, இலாம் என்ற மாளிகை, காசநோயால் பெற்றோரைப் பிரிந்து கழித்த குழந்தைப் பருவம். நோய் இருவரையும் சேர்க்கிறது. பாடகர் மரியோ லான்சாவின் குரலும் போரோவ்னியா என்ற கற்பனை அரசகுலமும் அவர்களுக்கென்று ஒரு நாட்டையே கட்டித்தருகின்றன. படத்தின் முதல் ஒரு மணிநேரம் ஓட்டமும் கூச்சலும் சிரிப்புமாகவே போகிறது. நமக்கும் மூச்சு வாங்குகிறது. இந்த நட்பை யாராவது பிரித்தால் கோபம் வரும் என்ற நிலைக்குப் பார்வையாளரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்ட பிறகுதான் பெற்றோர் பிரிக்கத் தொடங்குகிறார்கள். செய்தித்தாள்கள் இவர்களுக்குச் சூட்டிய ‘தீய பெண்கள்’ என்ற பட்டத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு இருக்க முடியாது.

இந்தப் பலத்துக்குள்ளேயே கோளாறும் இருக்கிறது. பதினாறு வயதின் கோபக் கண்ணுக்குப் பெரியவர்கள் எப்படித் தெரிவார்களோ அப்படியேதான் கேமராவுக்கும் தெரிகிறார்கள். அகலக் கோண லென்ஸில் முகங்கள் பிதுங்குகின்றன. ஒருபால் ஈர்ப்பு என்ற சொல்லை உச்சரிக்கத் தயங்கும் மருத்துவரின் வாயைத் திரை முழுக்க நிறைத்துக் காட்டும் இடம் நல்ல கேலி. அந்த மருத்துவர் அதற்குத் தகுதியானவரும்கூட. ஆனால் ஹொனோராவின் கண்டிப்பும் பாதிப் படம்வரை இதே கேலிக்குள்தான் அடைபட்டிருக்கிறது. ஹொனோராவும் பவுலினின் தந்தை ஹெர்பர்ட் ரீப்பரும் சட்டப்படி மணம் செய்துகொண்டவர்கள் அல்ல என்பது மகள் கைதான பிறகே ஊருக்குத் தெரியவந்தது; அதனால்தான் பவுலின் தாயின் குடும்பப் பெயரான பார்க்கர் என்ற பெயரில் குற்றம் சாட்டப்பட்டாள். 1950களின் கிறைஸ்ட்சர்ச்சில் அப்படி ஒரு விஷயத்தை மூடிவைத்துக் குடும்பம் நடத்திய பெண், மகள் ஊர் வாயில் விழுந்துவிடக் கூடாது என்று பதறியதில் வெறும் குறுகிய மனம் மட்டுமா இருந்திருக்கும்? நாட்குறிப்பில் அதற்கு இடமில்லை. படம் நாட்குறிப்பைப் பின்தொடர்வதால் அதிலும் இடமில்லை.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. விசாரணையில் எதிர்த்தரப்பு மனநல மருத்துவர்கள், இருவரும் சேர்ந்தே மனம் பிறழ்ந்திருந்தார்கள் என்று வாதாடினார்கள். 1954 ஆகஸ்டில் ஜூரிகள் அதை ஏற்கவில்லை. பதினெட்டு வயது நிரம்பாததால் தூக்கு இல்லை; இருவரும் தனித்தனிச் சிறைகளில் ஐந்தாண்டு போல இருந்துவிட்டு வெளியே வந்தார்கள். படத்தில் விசாரணையே கிடையாது. தீர்ப்புச் சொல்ல மறுக்கும் நேர்மையாக இதைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பெண் ‘நாங்கள் நான்காம் உலகத்தைக் கண்டோம்’ என்கிற மாதிரி எழுதினால், அது விளையாட்டா, பாவனையா, மெய்யான மயக்கமா என்று படிப்பவர் யோசிக்கலாம். கேமராவுக்கு அந்த வசதி இல்லை. குன்று உருமாறித் தோட்டமாகிறது, நீரூற்று பொங்குகிறது, ராட்சத வண்ணத்துப்பூச்சி பறக்கிறது, நாமும் பார்த்துவிட்டோம். இந்தப் படத்துக்காகவே 1993-ல் தொடங்கப்பட்ட வீட்டா நிறுவனம் தன் கணினி வித்தையை இங்கேதான் முதலில் காட்டியது. அந்த வித்தை, நீதிமன்றக் காட்சி ஒன்றுகூட இல்லாமலே, தோற்றுப்போன எதிர்த்தரப்பு வாதத்தை ஜெயிக்கவைத்துவிடுகிறது.

இதே கற்பனை உலகத்தை வேறொரு இடத்தில் ஜாக்சன் மிகக் கூர்மையாகப் பயன்படுத்துகிறார். காசநோய் மருத்துவமனையில் உபதேசம் செய்யவரும் பாதிரியாரைப் போரோவ்னியாவின் களிமண் இளவரசன் இழுத்துப்போய்க் கொல்கிறான். பவுலினைக் குடையும் மருத்துவருக்கும் அதே கதி. அரங்கம் சிரிக்கிறது, நானும் சிரித்தேன். இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஜாக்சன் எடுத்த ‘பிரெய்ன்டெட்’ படத்தில் மகனை ஆட்டிவைக்கும் தாய் ராட்சத அரக்கியாகவே மாறி அழிவாள். அங்கே ரத்தம் வாளி வாளியாகக் கொட்டும், எல்லாமே நகைச்சுவை. அந்தச் சிரிப்புக்கு நம்மைப் பழக்கிவைத்திருக்கும் இயக்குநர், மூன்றாவது கொலையில் அதைப் பிடுங்கிக்கொள்கிறார். இளவரசன் வரவில்லை. களிமண் இல்லை. செங்கல் செங்கல்லாகவே இருக்கிறது.

பவுலினின் எழுத்து காலையோடு நின்றுவிடுகிறது. பிற்பகலுக்குப் பக்கம் இல்லை, படத்திலும் அவள் குரல் ஓய்கிறது. படம் தன் உச்சத்தைத் தொடுவது மூலநூல் கைவிட்ட அந்த இடத்தில்தான். தேநீர்க் கடையில் இன்னொரு கேக் துண்டை எடுக்கலாமா என்று தயங்கும் ஹொனோரா, பேருந்தைத் தவறவிடக் கூடாதே என்று கவலைப்படும் ஹொனோரா. சாரா பியர்ஸ் இவற்றை எந்த அழுத்தமும் தராமல் நடிக்கிறார். அதுவரை மகளின் பேனா வரைந்த தடைக்கல்லாக இருந்தவர், திடீரென்று ஒருநாள் வெளியே கிளம்பியதில் மகிழ்ந்துபோன நடுவயதுப் பெண்ணாகிறார். அந்தச் சில நிமிடங்களுக்கு ஆதாரமாக அவர் எழுதிவைத்தது எதுவும் இல்லை. இயக்குநரும் நடிகையும் ஊகித்து, பரிவோடு கட்டியவை அவை. படத்தின் முதல் பாதியிலும் இதே ஊகத்துக்குத் துணிந்திருக்கலாமே என்பதுதான் என் குறை.

ஜூலியட் விஷயத்திலும் இதே கணக்கு. நாம் பார்ப்பது பவுலின் வியந்த ஜூலியட்டை. வின்ஸ்லெட்டின் நடிப்பு மிகையாக இருக்கிறது என்பவர்களுக்கு என் பதில், வழிபடும் கண்ணுக்கு அவள் அப்படித்தான் தெரிந்திருப்பாள் என்பது. கலையளவில் இந்தப் பதில் போதும். ஆனால் ஜூலியட் உயிரோடு இருந்தார்: ஸ்காட்லாந்தில், ஆன் பெர்ரி என்ற பெயரில், 1979 முதல் துப்பறியும் நாவல்கள் எழுதிக்கொண்டு. படம் வந்ததையொட்டித்தான் அந்த அடையாளம் 1994-ல் வெளியானது. அவர் படத்தைப் பார்க்க மறுத்தார். உதவாவிட்டால் பவுலின் தன்னையே மாய்த்துக்கொள்வாள் என்று பயந்ததாகப் பின்னர் பேட்டிகளில் சொன்னார், 2023-ல் இறந்தார். வசதியாகச் சொல்லப்பட்ட விளக்கம் என்று சந்தேகிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் திரையில் அந்தச் சந்தேகம் எழுவதற்கே இடமில்லை. இருவர் செய்த கொலைக்கு ஒருத்தியின் நோட்டுப் புத்தகம் மட்டுமே சாட்சியாக இருக்கிறது.