எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து

நீளம் 20 மில்லிமீட்டர், குறுக்களவு 5 மில்லிமீட்டர். இரு முனையிலும் உலோகத் தொப்பி, நடுவே கண்ணாடி, உள்ளே ஒரு மெல்லிய கம்பி. மாடுலர் சிந்தசைசர் வைத்திருப்பவரிடம் ஆஸிலேட்டரைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். ஃபில்டர் என்றால் பொழுது சாய்ந்துவிடும். கருவியின் பின்பக்கம், பவர் கார்டு செருகும் இடத்துக்கு அடியில் உள்ள சின்ன இழுப்பறையில் கிடக்கும் ஃப்யூஸைப் பற்றி மட்டும் அது போகும்வரை ஒரு பேச்சும் இராது. போன பிறகும் ஒரே கேள்விதான்: "எத்தனை ஆம்ப்?"

அது பாதிக் கேள்வி. தொப்பியைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் "டி 500 எம்ஏ எல் 250 வி" என்பது போல ஒரு வரி பொறித்திருக்கும். அதில் நாலு சேதி இருக்கிறது. கடையில் போய் "அரை ஆம்பியர் கிளாஸ் ஃப்யூஸ்" என்று கேட்பவர் அதில் ஒன்றைத்தான் கேட்கிறார். மற்ற மூன்றையும் கடைக்காரரின் டப்பாவில் எது மேலே கிடக்கிறதோ அது தீர்மானிக்கிறது. ஃப்யூஸில் ரசிக்க ஏதாவது உண்டென்றால், எண்ணுக்கு முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்தில்தான் உண்டு என்பேன்.

எஃப் என்றால் விரைவு, டி என்றால் தாமதம். இரண்டும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள். இந்தச் சிறு ஃப்யூஸ்களுக்கான ஐஇசி 60127 தரநிலை இரண்டுக்கும் எல்லை வகுத்திருக்கிறது. கண்ணாடிக் குழாயில் வரும் சாதாரண எஃப், டி வகைகளை எடுத்துக்கொள்வோம். அளவைப் போல் பத்து மடங்கு மின்சாரம் பாய்ந்தால் எஃப் 20 மில்லிநொடிக்குள் அறுந்துவிட வேண்டும். டி அந்த 20 மில்லிநொடி முடியும் முன் அறுந்துவிடக் கூடாது. 300 மில்லிநொடி வரை அதற்கு அவகாசம் உண்டு. ஒன்றரை மடங்கு பாய்ந்தால் இரண்டுமே ஒரு மணி நேரமாவது தாங்கியாக வேண்டும். வேடிக்கை நடுவில் இருக்கிறது. 2.1 மடங்கில் எஃப் அரை மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம், டி 2 நிமிடத்துக்குள் போயாக வேண்டும். மந்தம் என்று பெயர் வாங்கியது, விடாமல் நிற்கும் சிறிய மிகைச்சுமையை இரண்டில் அதிகக் கண்டிப்போடு நடத்துகிறது. கணநேரப் பாய்ச்சலைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் நின்று நிலைக்கும் தவறைப் பொறுக்காது.

சிந்தசைசருக்கு வேண்டியது இந்தக் குணம்தான். பழைய லீனியர் பவர் சப்ளைகளில், முக்கியமாக வட்ட வடிவ டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளவற்றில், சுவிட்சைப் போட்ட கணத்தில் ஒரு பாய்ச்சல் வரும். டொராய்டின் இரும்பு வளையத்தில் இடைவெளி கிடையாது. கடைசியாக அணைத்தபோது இருந்த காந்தம் அதில் தங்கிவிடுகிறது. மறுபடி போடும்போது மின்னழுத்த அலை பூஜ்யத்தைக் கடக்கும் தருணமாக அமைந்து, புதிய காந்தமும் பழைய காந்தமும் ஒரே திசையில் சேர்ந்துவிட்டால் இரும்பு நிரம்பிவிடும். அந்த ஓரிரு அலைகளுக்குச் செப்புச் சுருளின் தடை மட்டுமே குறுக்கே நிற்கும். பின்னால் காலியான பெரிய கெபாசிட்டர்கள் வேறு காத்துக்கொண்டிருக்கும். இயல்பான ஓட்டத்தைப் போல் பல மடங்கு பாய்ந்து, சில பத்து மில்லிநொடிகளில் எல்லாம் அடங்கிவிடும். சுவிட்சைப் போடும் கணம் அலையின் எந்த இடத்தில் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே இங்கே எஃப் மாட்டினால் நாலு நாள் ஒழுங்காக இருக்கும், ஐந்தாம் நாள் போகும். காரணம் தெரியாதவர் 500க்குப் பதில் ஒரு ஆம்பியர் போடுவார். அதுவும் ஒருநாள் போகும்; இரண்டு ஆம்பியர் வரும். அந்தக் காலத்து வீடுகளில் பீங்கான் ஃப்யூஸ் கட்டைக்குள் ஒற்றைக் கம்பிக்குப் பதில் மூன்று இழை முறுக்கிக் கட்டி நிம்மதியாகத் தூங்கிய கதைதான் இது. மாற்ற வேண்டியிருந்தது எழுத்து. மாற்றியது எண்.

சரி, இந்தத் தாமதத்தை ஒரு கம்பிக்குள் எப்படி வைக்கிறார்கள்? கைவினையாக நான் வியப்பது இதைத்தான். கம்பியைத் தடிமனாக்கினால் பாய்ச்சலைத் தாங்கும். ஆனால் நிலைத்த மிகைச்சுமையையும் சேர்த்துத் தாங்கித் தொலைக்கும். இதற்கான விடையை 1939இல் ஏ. டபிள்யூ. மெட்காஃப் என்பவர் ஒரு கட்டுரையில் விளக்கினார். கம்பியின் நடுவே ஒரு துளி ஈயம் போன்ற, ஆனால் ஈயமல்லாத, வெள்ளீயம். கம்பியின் வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும், வெள்ளீயத்துக்கு 232 போதும். கணநேரப் பாய்ச்சலில் அந்தத் துளி உருகும் அளவுக்குச் சூடேற நேரமில்லை. சூடு நிலைத்தால் துளி உருகி, தன்னடியில் உள்ள வெள்ளியையோ செம்பையோ தனக்குள் கரைத்துக்கொள்ளத் தொடங்கும். கம்பி தன் உருகுநிலையை எட்டாமலே அறுந்துபோகும். எம்-விளைவு என்று அவர் பெயரின் முதலெழுத்தாலேயே இதைச் சொல்கிறார்கள். டி ஃப்யூஸ் ஒன்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: சிலவற்றில் நடுவே அந்தப் பொட்டு தெரியும், சிலவற்றில் கம்பி ஒரு மெல்லிய இழைமேல் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். பழைய அமெரிக்க ஸ்லோ-ப்ளோ வகைகளில் இழுத்துப் பிடித்த ஒரு ஸ்பிரிங்கும் பற்றவைப்பும் இருக்கும். பற்று இளகியதும் ஸ்பிரிங் சடக்கென்று பின்வாங்கும். எஃப் ஃப்யூஸில் நேரான ஒற்றைக் கம்பி, அவ்வளவுதான். பார்க்க அழகு எஃப்; குணம் டிக்கு.

போன ஃப்யூஸையும் அவசரப்பட்டு எறிய வேண்டாம். கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பி நடுவில் மட்டும் நாசூக்காக அறுந்து, அறுந்த முனைகளில் சின்ன மணி திரண்டிருந்தால் சற்று மிகையான சுமை நெடுநேரம் நின்றிருக்கிறது: புதிதாகச் சேர்த்த மாடுல்களின் மின்தேவையைக் கூட்டிப் பார்க்க வேண்டிய நேரம். கண்ணாடியின் உட்புறம் முழுக்கக் கறுத்தோ, ரசம் பூசியது போல் பளபளத்தோ இருந்தால் கம்பி உருகக்கூட நேரமில்லாமல் ஆவியாகியிருக்கிறது. அது ஷார்ட், புது ஃப்யூஸ் போட்டால் அதுவும் அதே கதிதான். கம்பி தொப்பியை ஒட்டி ஓரத்தில் விட்டுப்போய், கண்ணாடி பளிச்சென்று இருந்தால் பெரும்பாலும் முதுமை. தினமும் சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கி, களைத்துப்போன உலோகம். இந்த மூன்றாம் வகைக்கு மட்டும்தான் "ஃப்யூஸை மாற்றினேன், சரியாகிவிட்டது" என்ற வாக்கியம் பொருந்தும்.

முதல் இரண்டுக்கும் நம்மூர் ரிப்பேர்க்காரர்களின் சீரிஸ் பல்பு முறையைவிட நல்லது நான் பார்க்கவில்லை. மாடுல்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் சப்ளைக்கு முன்னால் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் கோத்துச் சுவிட்சைப் போடுவார்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சப்ளை நலம். முழு வெளிச்சத்தோடு நின்றால் உள்ளே ஷார்ட். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. ஸ்விட்சிங் வகை சப்ளைகளுக்கும் இது அவ்வளவு ஒத்துவராது. அவற்றில் பலகையில் பற்றவைத்த ஃப்யூஸ் போயிருந்தால் பெரும்பாலும் பின்னாலுள்ள ரெக்டிஃபையரோ மாஸ்ஃபெட்டோ முன்பே போயிருக்கும். ஃப்யூஸ் மாற்றுவது வீண் வேலை.

எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 315, 630 என்று ஏன் இப்படி விசித்திரமாக வருகின்றன? 1870களில் பிரெஞ்சு ராணுவத்தில் பலூன் பறக்கவிட்ட சார்ல் ரெனார் என்ற அதிகாரி, 425 வகைக் கம்பிவடங்களை வைத்துக்கொண்டு திண்டாடியவர். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரே விகிதத்தில் பெரிதாகும் வரிசை ஒன்றை வகுத்து அவற்றை 17 ஆகக் குறைத்தார். 1, 1.25, 1.6, 2, 2.5, 3.15, 4, 5, 6.3, 8 என்று பத்துப் படியில் பத்து மடங்காகும் அந்த வரிசையில்தான் ஐரோப்பிய ஃப்யூஸ் இன்றும் நடக்கிறது. அமெரிக்கர்கள் கால், அரை, முக்கால் என்றே பழகியவர்கள். அவர்களுடைய பழைய கருவிகளில் ஃப்யூஸும் பெரிது, கால் அங்குலத்துக்கு ஒன்றேகால் அங்குலம்.

அளவின் பொருளே அங்கே வேறு. ஐஇசி முறையில் ஒரு ஆம்பியர் என்று எழுதிய ஃப்யூஸ் ஒன்றரை ஆம்பியரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். அமெரிக்க யுஎல் முறையில் அதே ஒரு ஆம்பியர், 1.35 ஆம்பியரிலேயே ஒரு மணி நேரத்துக்குள் அறுந்துவிட வேண்டும். ஆகவே 1970களின் மூக் அல்லது ஆர்ப் சிந்தசைசர் ஒன்றைத் திறந்து, அமெரிக்க ஃப்யூஸை எடுத்துவிட்டு அதே எண்ணுள்ள ஐரோப்பிய ஃப்யூஸை அடாப்டர் வைத்து மாட்டினால், காவலைச் சற்றுத் தளர்த்தியதாகவே ஆகும்.

மின்னழுத்தமும் கணக்கில் சேரும். 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மூக் மாடுலரை நிறுவினார். இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடங்களில் ஒன்று அப்படி உருவாயிற்று. இசைக்கலைஞர் கீதா சாராபாயும் வேறு சிலரும் அங்கே ஒலிநாடாக்கள் பதிந்தார்கள். அப்படி அமெரிக்காவிலிருந்து நம் 230 வோல்ட்டுக்கு வரும் எந்தக் கருவிக்கும் இரண்டு வழி உண்டு. வெளியே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் அப்படியே இருக்கலாம். கருவியின் டிரான்ஸ்ஃபார்மரிலேயே முதன்மைச் சுருள்கள் இரண்டையும் பக்க இணைப்பிலிருந்து தொடர் இணைப்புக்கு மாற்றினால் அழுத்தம் இரட்டிக்கும், மின்சாரம் பாதியாகும், ஃப்யூஸும் பாதியாக வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்த கருவிகள் ஊரெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒன்றும் ஆகாத வரை ஒன்றும் ஆகாமல்.

இதுவரை சொன்னது சுவரிலிருந்து வரும் பக்கம். மறுபக்கத்தில், அதாவது ரெகுலேட்டர் தந்த 12 வோல்ட்டை மாடுல்களுக்குக் கொண்டுபோகும் ரெயிலில் சிலர் ஃப்யூஸ் வைக்கிறார்கள். ஃப்யூஸ் காதில் விழுவது அங்கேதான். ஃப்யூஸ் ஒரு தடை. சூடேறச் சூடேறத் தடையும் ஏறும். கால் ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு மாடுலின் விளக்குகள் மினுக்கும்போது ரெயிலில் 100 மில்லிஆம்பியர் ஏறி இறங்கினால், 25 மில்லிவோல்ட் ஆடும். 12 வோல்ட்டில் அது ஒரு பொருட்டா என்று தோன்றும். மூக் வழிவந்த கருவிகளில் ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட்; ஒரு செமிடோனுக்கு 83 மில்லிவோல்ட்; அதன் நூறில் ஒரு பங்கான சென்டுக்கு 0.83. ஆஸிலேட்டரின் ட்யூனிங் குமிழ் தன் ஒரு வோல்ட்டை அந்த ரெயிலிலிருந்தே வகுத்து எடுக்கிறது என்றால், அதில் 2 மில்லிவோல்ட் ஆட்டம், இரண்டரை சென்ட். தனியே கேட்டால் தெரியாது. அந்த ஆட்டம் படாத இன்னொரு ஆஸிலேட்டரோடு ஒரே சுருதியில் வைத்துக் கேட்டால், விளக்கு மினுக்கும் தாளத்தில் அலையடிப்பு விரைந்து தளர்வது கேட்கும். சிலர் இதை 'அனலாக் உயிர்ப்பு' என்று கொண்டாடவும் செய்வார்கள்! ஃப்யூஸை ரெகுலேட்டருக்கு முன்னால் வைத்தால் இந்தத் தள்ளாட்டத்தை ரெகுலேட்டர் விழுங்கிவிடும். நல்ல வடிவமைப்பாளர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் ஏ-100 மாடுலரைக் கொண்டுவந்து தொடங்கிவைத்த யூரோராக் என்ற மாடுலர் வகையின் உலகில் ஃப்யூஸிடம் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்கிறார்கள். ரிப்பன் கேபிளைத் திருப்பிச் செருகி, மைனஸ் 12 வோல்ட்டைக் குறிக்கும் சிவப்புக் கோடு மேலே போய்விட்டால், மாடுலில் உள்ள ஐசி ஃப்யூஸைவிட வேகமாகச் சாகும். அதைக் காக்க டயோடு வேண்டும். சில மாடுல்களில் பாலிஃப்யூஸும் இருக்கும்: சூடேறினால் தடை ஏறி அடைத்துக்கொண்டு, ஆறினால் திறந்துவிடும். வசதியான பொருள்தான், ரசிக்க ஒன்றுமில்லை. கண்ணாடி ஃப்யூஸ் காப்பது கம்பியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் வீட்டையும்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எல் என்ற எழுத்து மீதி. கண்ணாடிக் குழாய் அதிகம் போனால் 35 ஆம்பியர், அல்லது தன் அளவின் பத்து மடங்கு, இவற்றில் எது பெரிதோ அந்த ஷார்ட்டைத்தான் வெடிக்காமல் அறுக்கும். எச் என்றால் 1,500 ஆம்பியர். பீங்கான் குழாய், உள்ளே மணல். மணல் மின்பொறியின் சூட்டை வாங்கி உருகிக் கட்டியாகிப் பொறியை அணைக்கும். டி, அளவு, வோல்ட் மூன்றும் ஒத்துப்போனால் எல் இருந்த இடத்தில் எச் போடலாம், எச் இருந்த இடத்தில் எல் கூடாது. பீங்கானில் ஒரே வருத்தம், போனது எப்படிப் போனது என்று பார்க்க முடியாது. 250 வோல்ட் ஃப்யூஸை 12 வோல்ட்டில் வைக்கலாம். 32 வோல்ட் என்று எழுதிய கார் ஃப்யூஸைச் சுவர் மின்சாரத்தில் வைக்கவே கூடாது.

தங்கம் பூசி, மின்சாரம் செல்லும் திசையை அம்புக்குறியிட்டு, ஆயிரக்கணக்கில் விலை வைத்த ஃப்யூஸ்களும் சந்தையில் உண்டு. சுவர் மின்சாரம் நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. அம்பு யாருக்கு வழி காட்டுகிறதோ! அந்த விலைக்கு, நல்ல பெயருள்ள கம்பெனியின் டி வகை ஃப்யூஸ்களை, தேவைப்படும் அளவுக்கு மேலும் கீழும் ஒரு படி சேர்த்து, டப்பா டப்பாவாக வாங்கலாம்.

பல கருவிகளில் அந்தப் பின்பக்க இழுப்பறைக்குள்ளேயே உதிரி ஃப்யூஸுக்கு ஓர் அறை உண்டு. பழைய சிந்தசைசர் பார்க்கப் போனால் நான் குமிழைத் தொடுவதற்கு முன் அதை இழுத்துப் பார்ப்பேன். மாட்டியிருப்பது டி 500, உதிரி எஃப் 2 ஆம்பியர் என்றிருந்தால் இதற்கு முந்தைய கைகளைப் பற்றி வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை. விலையைக் குறைத்துக் கேட்கலாம்.