ஓய்வு நாளும் சூதுப்பொறியும்

ஒரு சட்டத்திற்கு அதனைக் காப்போர் கூறும் காரணம் ஒன்றாகவும், அதன் பிரிவுகளே காட்டும் காரணம் வேறொன்றாகவும் இருக்குமாயின் எதனை நம்புவது? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961 மே 29ஆம் நாள் ‘மெக்கோவன் எதிர் மேரிலாண்டு’ வழக்கில் அளித்த தீர்ப்பை வாசிப்போர்க்கு எழும் வினா இதுவேயாகும்.

மேரிலாண்டு மாநிலத்தின் ஆன் அரண்டல் மாவட்டத்தில் ஒரு பெருங்கடையின் ஊழியர் எழுவர் ஞாயிற்றுக்கிழமையன்று சில பொருள்களை விற்றனர். ஒரு தாள்கோப்பு, தரைக்குப் பூசும் மெழுகு, ஸ்டேப்ளரும் அதற்குரிய கம்பிகளும், ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் ஆகியவையே அவை. இதற்காக ஒவ்வொருவருக்கும் 5 டாலர் தண்டமும் வழக்குச் செலவும் விதிக்கப்பட்டன. அதே மாவட்டத்தில், அதே ஞாயிற்றுக்கிழமையில், காசு போட்டு ஆடும் சூதுப்பொறிக்கும் பிங்கோ ஆட்டத்திற்கும் தடையில்லை. இதனை நாம் துருவிக் கண்டுபிடிக்கவில்லை, தீர்ப்பே எடுத்துரைக்கிறது.

அரசு எந்தச் சமயத்தையும் நிறுவலாகாது என்பது 1791 முதல் அந்நாட்டு அரசியலமைப்பின் விதி. மேரிலாண்டுச் சட்டமோ ஞாயிற்றை ‘ஆண்டவரின் நாள்’ என்றே அழைத்தது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் இச்சட்டங்களின் பிறப்பு சமயத்தில்தான் என்பதை மறைக்கவில்லை. ஆயினும் காலப்போக்கில் அவற்றின் நோக்கம் மாறிவிட்டது. மக்கள் அனைவரும் ஒரே நாளில் இளைப்பாற வேண்டும் என்பதே இன்றைய கருத்து என்றார். ஆட்டங்களுக்கும் கேளிக்கைகளுக்கும் அளிக்கப்பட்ட விலக்குகளையே அதற்குச் சான்றாகவும் கொண்டார். நீதிபதிகளுள் எண்மர் முடிவில் ஒன்றுபட, டக்ளஸ் ஒருவரே மறுத்தார்.

அரபு மதரஸாக்களில் உசூல் பயின்றோர் ‘இல்லத்’ என்பதை அறிவர். ஒரு சட்டம் எக்காரணத்தின்மீது நிற்கிறதோ, அக்காரணம் உள்ளவிடமெல்லாம் அச்சட்டமும் செல்லவேண்டும். இவ்வுரைகல்லில் தீர்ப்பை உரைத்துப் பார்ப்போம். உழைப்பாளியின் ஓய்வே காரணமெனில், கடை ஊழியருக்கு வேண்டிய ஓய்வு சூதுக்கூடத்தின் ஊழியருக்கு வேண்டாவோ? மகிழ்ச்சியே காரணமெனில், குழந்தையின் பொம்மை செய்த பிழை யாது? பாலும் ரொட்டியும் விற்கலாம் என்பதற்கு இன்றியமையாமை காரணம் என்று ஒப்புக்கொள்ளலாம். சூதுப்பொறி எவ்வகையில் இன்றியமையாதது? அது அம்மாவட்டத்திற்கு உரிமக் கட்டணம் ஈட்டித் தந்த தொழில் என்பதை நினைவிற் கொண்டால் விடை தெளிவாகும். சமயத்திலிருந்து கடன் வாங்கிய நாளில் வருவாய்க்கு மட்டும் வாயில் திறந்துவிடப்பட்டது.

இதனால் நைந்தோர் யாவர்? அன்றே முடிவான ‘பிரான்ஃபெல்டு எதிர் பிரவுன்’ வழக்கைக் காண்க. பிலடெல்பியாவின் யூத வணிகர்கள் தம் மார்க்கத்திற்காகச் சனியன்று கடையடைத்தனர். சட்டத்திற்காக ஞாயிறன்றும் அடைக்க வேண்டியதாயிற்று. வாரத்தில் இரு நாள் இழந்து பிழைப்பதெங்ஙனம் என்ற அவர்தம் முறையீடு வெல்லவில்லை. பொதுவான ஞாயிறுத் தடை கொண்ட 34 ஆட்சிப்பகுதிகளுள் 21 இத்தகையோர்க்கு விலக்களித்திருப்பதை நீதிபதி பிரென்னன் தம் மறுப்புரையில் எடுத்துக்காட்டியும் பெரும்பான்மையோர் இசையவில்லை. சூதுக்குக் கிடைத்த விலக்கு வழிபாட்டுக்குக் கிடைக்கவில்லை!

தொழிலாளர்க்கு ஒரு பொது ஓய்வு நாள் வேண்டும் என்னும் கொள்கையை நாம் குறை கூறோம், அது நல்லதே. வேறு நாளில் ஓய்வு கொள்வோர்க்கு இடங்கொடுத்திருப்பின் அக்கொள்கைக்குக் கேடொன்றும் நேர்ந்திராது. 1963இல் ‘ஷெர்பர்ட் எதிர் வெர்னர்’ வழக்கில் அதே மன்றம், சனிக்கிழமை வேலை செய்ய மறுத்த ஒரு கிறிஸ்தவப் பெண்மணிக்கு வேலையிழந்தோர் உதவித்தொகையை மறுத்தது தவறென்று கூறிற்று. அத்தீர்ப்பை எழுதியவரும் பிரென்னனே.

இன்னோர் இழப்பும் உண்டு. அஃது ஞாயிற்றைப் போற்றுவோர்க்கே நேர்ந்தது. அந்நாளைச் சட்டத்தால் காக்கவேண்டி, அதில் புனிதம் ஏதும் எஞ்சவில்லை என்று மன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. அரசின் முத்திரையை நாடும் எச்சமயத்தாரும் இவ்விலையை எண்ணிப் பார்த்தல் நலம். நம் மார்க்கத்தில் ஜும்ஆவின் அழைப்புக்கு வாணிபத்தை விடுகிறோம். தொழுகை முடிந்ததும் இறையருளைத் தேடிப் புறப்படுகிறோம். சூதோ, ஏழு நாளும் விலக்கப்பட்டது. இவ்விரண்டையும் பேண நமக்கு வேண்டுவது பிறர் கடையை அடைக்கும் ஆணையன்று. நம் கடமையைச் செய்ய இடையூறில்லாத நிலையேயாம்.

பின்னர் நிகழ்ந்ததையும் கூறி முடிப்போம். மேரிலாண்டின் சூதுப்பொறிகளைப் படிப்படியாக அகற்ற 1963இல் சட்டம் வந்தது. 1968இல் அவை ஒழிந்தன. 2008இல் வாக்காளர் ஒப்புதல் அளித்தபின் அவை மீண்டன. 2012இல் அதே ஆன் அரண்டல் மாவட்டத்தில் ஒரு பெரும் சூதுமாளிகை எழுந்தது. 1961இன் தீர்ப்பை வாசிப்போர், அச்சட்டத்தின் விலக்குப் பட்டியலையும் உடன் வைத்து வாசிப்பார்களாக.