கேளாமல் எடுத்த முகம்

நிழற்படக் கலையைப் பற்றி நம் ஏடுகளில் எழுதப்படுவது குறைவு. எழுதப்படும்போதும் ஒளி, கோணம், கருவி என்பவற்றோடு விமர்சனம் நின்றுவிடுகிறது. பொது இடத்தில் முன்பின் அறியாத ஒருவரை, அவர் அறியாமலே படம் பிடிக்கும் முறைக்கு அந்த அளவுகோல் போதாது. அங்கே கலையின் கேள்வியும் ஒழுக்கத்தின் கேள்வியும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே எழுகின்றன.

இம்முறையின் ஆசானாகப் போற்றப்படுபவர் பிரான்சு நாட்டு ஆன்றி கார்த்தியே-பிரெசோன் (1908–2004). கேமராவின் பளபளப்பு பிறர் கண்ணில் படாதிருக்க அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டிக்கொண்டு தெருவில் நடந்தவர் அவர். 1952இல் வந்த அவரது நூலுக்கு ஆங்கிலத்தில் 'தீர்க்கமான கணம்' என்ற பொருளில் பெயர் சூட்டினார்கள். பிரெஞ்சுத் தலைப்போ, உரிமமில்லாத தெரு வியாபாரி கடையைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதைப் போல, அவசரமாகவும் ஒளிவாகவும் எடுத்த படங்கள் என்னும் பொருளைத் தருவது. ஒரு தலைப்பில் கலையின் பெருமிதம். மற்றதில் செயலின் கூச்சம். அவரோ தம்மைப் பிறர் படம் எடுப்பதை விரும்பாதவர் என்பதும் நினைக்கத்தக்கது.

கேட்டு எடுத்தால் என்ன என்று வாசகர் வினவலாம். கேட்ட மறுகணமே முகம் மாறிவிடுகிறது, முந்தானை சரியாகிறது, இயல்பு மறைந்து தோரணை வந்து அமர்கிறது. கலைஞனின் இந்த இக்கட்டு மெய்யானது. கேளாமல் எடுத்த படங்களே இல்லையெனில் வரலாற்றின் பல சாட்சியங்களும் இல்லை. 1984 போபால் நச்சுவாயுக் கொடுமையில், மண்ணுக்குள் போகும் பெயரறியாக் குழந்தையின் முகத்தை ரகு ராய் படமாக்கியிராவிட்டால் உலகின் மனசாட்சி அந்த அளவு உலுக்கப்பட்டிருக்குமா? அநீதிக்குச் சாட்சி சொல்லும் படத்துக்கு அந்த நியாயம் உண்டு. அழகுக்காக மட்டுமே எடுக்கும் படத்துக்கு அதே நியாயத்தைக் கடன் கொடுக்க முடியாது.

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பிலிப்-லோர்கா டிகோர்சியா மறைவாக விளக்குகளைப் பொருத்தி, கடந்து செல்வோரின் முகங்களைத் தொலைவிலிருந்து படமெடுத்தார். தம் முகத்தைக் கண்காட்சியில் வைத்தது தம் சமய நெறிக்கு விரோதம் என்று யூதப் பெரியவர் ஒருவர் வழக்காடினார். 2006இல் நீதிமன்றம், இது கலை என்று கூறி வழக்கைத் தள்ளியது. சட்டம் கலைஞனுக்கு வழிவிட்டது. அப்பெரியவரின் மனப்புண்ணுக்கு விடை கிடைக்கவில்லை. நம் உச்ச நீதிமன்றமோ 2017இல் அந்தரங்க உரிமை பற்றிய தீர்ப்பில், பொது இடத்தில் இருப்பதனாலேயே ஒருவர் அவ்வுரிமையை இழந்துவிடுவதில்லை என்ற கருத்தை வெளியிட்டது.

வேறு வழியே இல்லையா? உண்டு என்பதற்குக் கார்த்தியே-பிரெசோனின் படமொன்றே சான்று. 1948இல் ஸ்ரீநகரின் ஹரி பர்வதக் குன்றில் வைகறையில் துஆச் செய்யும் பெண்களை அவர் எடுத்தார். நடுவே நிற்பவர் முதுகுப்புறமாகவே தெரிகிறார். ஏந்திய கரங்களும் போர்த்திய ஆடையும் தொலைவில் மலையும் மேகமுமே காட்சி. முகம் பறிக்கப்படவில்லை, ஆயினும் இறைஞ்சும் உள்ளம் முழுமையாக வந்துவிட்டது.

இந்த ஒப்பீடு நம் மலைச்சரிவுக்கும் பொருந்தும். ராசிங்காபுரம் உள்ளிட்ட போடி வட்டாரத்து ஊர்களின் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறுகிறார்கள். மூணாறு செல்லும் பயணிகளும் போடிமெட்டு வழியாகவே கேமராவோடும் கைப்பேசியோடும் போகிறார்கள். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்ப்பது. குனிந்தோ குந்தியோதான் பறிக்க வேண்டும். அந்நிலையில் இருப்பவளை அவள் அறியாமல் எடுத்துப் பல்லாயிரம் பேர் பார்க்கப் பரப்புவது எவ்வகைக் கலை? கூலிக்கு வந்த இடத்தில், "யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?" என்று கேட்கும் துணிவு அவளுக்கு எளிதில் வாய்க்குமா?

சலாம் உரைத்து, அனுமதி பெற்றே பிறர் இல்லம் புக வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். முகமும் ஒரு வாசல்தான். கணம் தப்பிவிடும் என்று அஞ்சுகிறவர் முதலில் படத்தை எடுக்கட்டும்; பிறகு அருகில் சென்று, அதை அவளிடம் காட்டட்டும்; வேண்டாம் என்றால் அழித்துவிடட்டும். அந்த ஒரு படத்தை இழக்க மனமில்லாதவரின் கைத்திறனைப் பாராட்டலாம். அவரைக் கலைஞர் என்று கொண்டாடத் தயங்கவே வேண்டும்.