நிழல் தரும் வட்டங்கள்

நெய்வேலியில் வீடு எங்கே என்று கேட்டால் வட்ட (பிளாக்) எண்தான் முதலில் வரும். அகலமான சாலை, இருபுறமும் மரங்கள், தோட்டம் விட்டுக் கட்டிய குவார்ட்டர்ஸ். இத்தனை நிழலுள்ள தொழில் நகரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த நகர் எழுவதற்கு முன் இங்கே ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய மண் வெளிப்பட்டது. அந்தப் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க 1956இல் நிறுவனம் தொடங்கியது. முதல் அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் உதவி. சுரங்கத்துக்கு ஜெர்மன் இயந்திரங்கள்.

அந்தச் சுரங்க இயந்திரம் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும்! ராட்சதச் சக்கரத்தின் விளிம்பெங்கும் வாளிகள். ஒவ்வொன்றும் மண்ணைச் சுரண்டி அள்ளிக் கன்வேயர் பெல்ட்டில் கொட்டும். மேல்மண் விலகியபின் பழுப்பு நிலக்கரி தெரியும், ஈரமும் மினுக்கமுமாக. இந்தச் சுரங்கத்துக்காக ஊரையும் வயலையும் விட்டுப் போனவர்களையும் சேர்த்துத்தான் இந்த நகரை நான் நேசிக்கிறேன்.

கோடையில் பல வீட்டுத் தோட்டங்களில் பலா பழுத்து மணக்கும். பண்ருட்டி பக்கம்தானே.