கறிவேப்பிலைக் கொழுந்தில் ஓர் அழகி

நெல்லைப் பக்கம் புறவாசல் உள்ள வீட்டில் கறிவேப்பிலை மரம் இல்லாமல் இருப்பது அரிது. தாளிக்க இலை பறிக்கும்போது கொழுந்து ஓரம் அரிக்கப்பட்டிருந்தால் மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள். கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி அங்கே வளர்ந்துகொண்டிருக்கலாம். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இலைகளும் இதற்கு உணவு. புளியங்குடி எலுமிச்சைத் தோப்புகளிலும் பார்க்கலாம்.

பிசான நடவு நடக்கிற ஐப்பசி, கார்த்திகையில் பார்க்கத் தொடங்குவது நல்லது. மழைக்கு மரம் துளிர்த்திருக்கும். கறுத்த பெண் பூச்சியொன்று மரத்தைச் சுற்றி இறங்கி, இலை இலையாக முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கும். அந்தக் கால்களுக்குச் சுவை தெரியும். இது தன் பிள்ளைகள் தின்னக்கூடிய இலைதான் என்று உறுதியானதும், வயிற்றை வளைத்து, கடுகளவு மஞ்சள் முட்டையை ஒற்றையாக ஒட்டிவிட்டுப் போகும்.

சில நாட்களில் வெளிவரும் புழுவைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். பழுப்பும் வெள்ளையுமாக, இலைமேல் விழுந்த குருவி எச்சம்போலவே அசையாமல் கிடக்கும். நான்காம் பருவம்வரை இதே வேடம்தான். எச்சம் என்று நம்ப முடியாத அளவுக்கு உடல் பெருத்ததும், ஐந்தாம் பருவத்தில் தோலை உரித்துப் பச்சைக்கு மாறிவிடும்; முன்பக்கம் கண்போன்ற புள்ளிகள் வந்திருக்கும். ஒரு ஈர்க்குச்சியால் மெல்லத் தொடுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்று நீளும், கூடவே நெடியும் வரும். ஒருமுறை பார்த்தால் போதும், மறுபடி சீண்ட வேண்டாம்.

கூட்டுப்புழு இடுப்பில் ஒரு பட்டிழையைக் கட்டிக்கொண்டு, தலை மேலாகச் சாய்ந்து நிற்கும். இலைகளுக்கு நடுவே பச்சை, காய்ந்த குச்சியிலோ சுவரிலோ பழுப்பு என்று நிறம் பெரும்பாலும் இடத்துக்கு ஒத்துப்போகும். ஏறக்குறைய பத்து நாளில், விடிகாலையில் வெடிக்கும். சுருங்கிய சிறகுகளுக்குள் உடல்நீர் பாய்ந்து அவை விரிவதைத் தொடாமல் பாருங்கள். அப்போது மடங்கிய சிறகு பிறகு நிமிராது.

இனி வருவதுதான் இதன் உச்சம். ஆண் பூச்சி கறுப்பு. பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும், அடியில் வால். பெண்ணுக்கோ நம் பக்கத்தில் மூன்று தோற்றங்கள் உண்டு. ஒன்று ஆணைப்போலவே இருக்கும். மற்ற இரண்டும் ரோஜா அழகி எனப்படும் வேறு இரண்டு வகை வண்ணத்துப்பூச்சிகளின் உடையைப் போட்டுக்கொண்டவை. அந்த ரோஜா அழகிகளின் புழுக்கள் ஆடுதின்னாப்பாளை குடும்பத்துக் கொடிகளைத் தின்று நஞ்சைச் சேர்த்து வைத்திருப்பதால், பறவைகள் அவற்றைத் தொடுவதில்லை. கறிவேப்பிலை தின்று வளர்ந்த நம் அழகியிடம் அந்த நஞ்சு இல்லை. இருந்தும் உடை அவளைக் காக்கிறது, போலிகள் எண்ணிக்கையில் மிஞ்சாதவரை.

இந்தப் புதிர் அறிஞர்களை வெகுகாலம் பிடித்து வைத்திருந்தது. மாறுபட்ட இந்தப் பெண்கள் ஒரே இனம்தான் என்று 1865-ல் எழுதினார் இயற்கையியலாளர் வாலஸ். 1910-களில் இலங்கையில் ஃபிரையர் என்ற ஆய்வாளர் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, தோற்றம் தாய் தந்தையரிடமிருந்து இறங்கும் விதத்தைக் கண்டார். கிருஷ்ணமேக் குண்டேயும் சகாக்களும் 2014-ல் 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணுவில் இந்த வேடத்தின் சாவி இருப்பதைக் காட்டினார்கள். பூச்சி ஆணா பெண்ணா என்பதை உடலில் வெளிப்படுத்துகிற மரபணு அது! வேடத்துக்கான மரபணு வடிவத்தை ஆணும் சுமக்கும், ஆனால் சிறகில் காட்டாது. எனக்கு இதைவிட வியப்பான செய்தி பூச்சியுலகில் இல்லை.

உண்மையான ரோஜா அழகிகளையும் தெரிந்துகொண்டால்தான் போலியை ரசிக்க முடியும். மழைக்குப் பிறகு ஆடுதின்னாப்பாளை படர்ந்த கரிசல் காடுகளுக்குப் போங்கள். பிறகு ஊருக்குள் வந்து, இட்லிப்பூவிலும் உன்னிப்பூவிலும் தேன் குடிக்கும் சிவப்புப் புள்ளிக்காரியை நெருங்கிப் பாருங்கள். தேன் குடிக்கும்போதும் சிறகு படபடத்தபடி இருக்கும் என்பதால் சிறகை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். உடலில் சிவப்பு இருந்தால் நஞ்சுள்ள அசல், முழுக்கக் கறுப்பாக இருந்தால் உங்கள் கறிவேப்பிலை மரத்தில் பிறந்தவளாகவும் இருக்கலாம். துரத்தினால் இன்னொரு வேறுபாடும் தெரியும்: ரோஜா அழகி அவசரமில்லாமல் மிதக்கும், இவளோ வேடத்தை மறந்து வெட்டி வெட்டிப் பறப்பாள்.